கோடு விழாத ஆறாவது வரி

ஹேமாவதி வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டிலேயே போட்டாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் மருந்துகளுக்கு மூலப்பொருள் செய்யும் ஒரு கம்பெனியின் கேன்டீன் அது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று நாற்பத்திரண்டு. எதிரே தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த தானியேல் சார் ஏதோ பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனார். அவள் பார்வை அவர் தன் கம்ப்யூட்டரிலிருந்து அச்செடுத்து மேசைமேல் விரித்து வைத்த காகிதத்தில், ஆறாவது வரியில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு ஓடியது. இன்று காலையிலிருந்து ஷெட்டுகளின் டேப்லெட்டுகளில் ஓடிக்கொண்டிருந்த அவளுடைய வெப் பக்கத்தில் அந்தக் கோடு இல்லை.

ஹேமாவதி திருப்பாச்சூர்க்காரி. திருவள்ளூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் நான்கு பேர் முட்டி இடிக்க உட்கார்ந்து வெப்சைட் செய்கிற கம்பெனியில் ஐந்து வருடமாக வேலை. நான்கு பேரில் மூத்தவள், அதனால் கழுத்தை நெரிக்கிற வேலையெல்லாம் அவள் தலையில்தான் விழும். இந்தக் கம்பெனியின் வேலையும் அப்படி விழுந்ததுதான். ஒவ்வொரு ஷெட்டிலும் சுவரில் ஒரு டேப்லெட் மாட்டியிருக்கும். ஆபரேட்டர் தான் செய்யப்போகும் வேலையின் பெயரைத் தொட்டால், முதலில் எந்த வால்வ், அடுத்து எந்த வால்வ் என்று வரிசையாக வந்து நிற்கும். இதுவரை அதெல்லாம் காகிதத்தில் இருந்தது. காகிதம் நனைந்தது, கறைபட்டது, சில நேரம் காணாமலும் போனது.

காகிதங்களுக்குச் சொந்தக்காரர் தானியேல் சார். உற்பத்திப் பிரிவில் ஆவணங்களைக் கவனிப்பவர், இருபத்தெட்டு வருட சர்வீஸ். நூற்று நாற்பத்தாறு வேலைமுறைகளையும் அவரே கம்ப்யூட்டரில் அடித்து, ஒவ்வொன்றையும் வெப் பக்கமாகத் திறக்கும் ஒரு எச்.டி.எம்.எல் கோப்பாகச் சேமித்து வைத்திருந்தார். அவற்றை யாரும் மறுபடி அடிக்கக் கூடாது, அவர் கோப்பு அவரிடமே இருக்க வேண்டும், பக்கம் அதை வெளியிலிருந்து அழைத்துவந்து காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. அவர் ஒரு கோப்பைத் திருத்தினால் பக்கத்திலும் திருந்திவிடும். நல்ல யோசனைதான். யோசனையில் ஒரு குறையும் இல்லை.

குறை வேறு இடத்தில். ஹேமாவதி பக்கத்தைக் கட்டிய ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க் என்ற ஆயத்தச் சட்டகத்துக்கு வெளியாள் என்றாலே சந்தேகம். வெளியிலிருந்து வரும் எச்.டி.எம்.எல் கோப்பை வாசலிலேயே நிறுத்திச் சோதனை போடும். எந்த எழுத்து சிவப்பு, எது தடிமன், எந்த வரியின் குறுக்கே கோடு என்று சொல்லும் விதிகளெல்லாம் கோப்பின் தலைப்பகுதியில் ஒரு கொத்தாக இருக்கும். ஃபிரேம்வொர்க் அந்தக் கொத்தை அப்படியே உருவிப் போட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் உள்ளே விடும். உருவியதற்கு அடையாளமாக, 'சிலவற்றை நீக்கியிருக்கிறேன்' என்று மஞ்சள் நிறத்தில் ஒரு எச்சரிக்கையையும் ஓரமாக எழுதி வைக்கும். மஞ்சளில் வருவதை உட்கார்ந்து படிக்கிற நிரலாளர் எந்த ஊரில் இருக்கிறார்? சிவப்பு வந்தால்தான் அந்த ஜாதி நிமிர்ந்தே உட்காரும்.

ஹேமாவதி படித்தாள் என்பதுதான் விஷயம். மூன்று வாரத்துக்கு முன்பே படித்தாள். போவது நிறமும் எழுத்துருவும்தானே என்று நினைத்தாள். தானியேல் சாரின் கோப்பில் ஐந்து எழுத்துருக்கள், மூன்று நிறங்கள், பார்த்தால் கண் வலிக்கும். எல்லாம் போனதும் பக்கம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. அவளுக்குச் சந்தோஷம்கூட. அவரிடம் காட்டும்போது அழகாகத் தெரிந்த மூன்று கோப்புகளைப் பொறுக்கி எடுத்துக் காட்டினாள். மூன்றிலும் கோடு போட்டு அடித்த வரி ஒன்றுகூட இல்லை.

"பாருமா," என்று தானியேல் சார் காகிதத்தைத் தட்டினார். "இத்தன வருஷத்துல வொயிட்னர்ன்னு ஒன்ன நான் கையால தொட்டதில்ல. எங்க ரூல் அது. தப்போ பழசோ, எதையும் அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கணும், கீழ புதுசு எழுதணும். பழசு இன்னா இருந்துச்சுன்னு ஆடிட்டர் வந்தா படிக்கணும் இல்ல. கம்ப்யூட்டர்லயும் அப்டியேதான் பண்ணிக்கினு வரேன்."

"இந்த ஆறாவது வரி என்ன சார்?" அவள் விரலை வைத்துக் காட்டினாள்.

"மூணாவது ஷெட் ரியாக்டர் க்ளீனிங். முன்ன அதுல வேற சரக்கு ஓடுச்சு, தண்ணி வுட்டு பத்து நிமிஷம் கழுவுவோம். போன மாசத்துலேர்ந்து ஓடறது வேற. இதோட மிச்சத்துல தண்ணி பட்டுச்சுன்னா புகைஞ்சு கெளம்பிரும். நெஞ்சப் புடிச்சா வுடாது, ஆளயே தூக்கிரும். அதான் ஆறாவத அடிச்சுட்டு, ஏழாவதா நைட்ரஜன் போட்டு ஒணத்தறத சேத்தேன். இன்னிக்கு அந்த க்ளீனிங்தான், மொத அஞ்சு வரிய காலை ஷிஃப்டே முடிச்சு வச்சுரும், மிச்சம் ரெண்டாவது ஷிஃப்ட் வந்ததும். மூணாவது ஷெட்ல ஒங்க பேஜப் பாத்து மொத வேலை அது."

ரெண்டாவது ஷிஃப்ட் என்றால் இரண்டு மணி.

அவள் மனக்கண்ணில் பக்கம் வந்து நின்றது. ஆறு: தண்ணீர் வால்வைத் திறந்து பத்து நிமிடம் கழுவவும். ஏழு: நைட்ரஜன் செலுத்தி உலர்த்தவும். கழுவி, பிறகு உலர்த்துவது. எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது. படிக்கிற எவனுக்கும் ஒரு சந்தேகம் வராது. பழைய காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் ஷெட்டுகளில் இருந்த காகிதங்களையெல்லாம் இன்று காலையிலேயே வாரி அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டார்கள். டேப்லெட்டுகளின் மூலையில் சந்தனம், குங்குமம் வைத்து, கைதட்டி ஆரம்பித்துவைத்தாயிற்று.

தானியேல் சாரின் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி, கேன்டீன் மேசையில் உள்தொடர்புத் தொலைபேசி இருந்தது. மூன்றாவது ஷெட்டுக்கு இரண்டு எண் அழுத்தினால் போதும். "சார், என் பக்கத்தில் அந்தக் கோடு வரவில்லை" என்று சொல்ல அரை நிமிடம் ஆகும்.

ஹேமாவதி சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு அவளைப் பலர் கேட்டார்கள். அப்போது அவள் நினைத்தது இவ்வளவுதான்: பதினெட்டு நிமிடம் இருக்கிறது, சரிசெய்யப் பத்து நிமிடம் போதும், யாருக்கும் தெரியவேண்டியதில்லை. காலையில் கைதட்டி வாழ்த்தியவர்கள் மத்தியானமே காறித் துப்புவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவமானத்துக்கு அவ்வளவு பயம்.

"கை கழுவிட்டு வரேன் சார்," என்று எழுந்தாள்.

அலுவலகக் கட்டடத்தில் அவளுக்கு ஒதுக்கிய சின்ன அறைக்குள் போய் மடிக்கணினியைத் திறந்தாள். கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தாள். கோப்புகள் இருந்த கோப்புறையில் குறுக்குக்கோட்டு விதி எங்கெங்கே என்று தேடவிட்டாள். நாற்பத்தொரு கோப்புகள் வந்தன. பெரும்பாலும் பதிவேட்டு எண், டிரம் நிறம், இடம் மாறிய அலமாரி என்று ஒன்றுமில்லாத திருத்தங்கள். ஆளைக் கொல்கிற திருத்தம் ஒன்றே ஒன்றுதான். அதுதான் இரண்டு மணிக்கு.

திருத்தம் ஒரே வரி. 'இந்தக் கோப்புகள் நம்முடையவை, அப்படியே நம்பி உள்ளே விடு' என்று ஃபிரேம்வொர்க்குக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எழுதினாள், பக்கத்தை மறுபடி கட்டினாள், சர்வருக்கு அனுப்பினாள். தன் மடிக்கணினியில் திறந்து பார்த்தாள். ஆறாவது வரியின் குறுக்கே கோடு வந்திருந்தது. மணி ஒன்று ஐம்பத்தொன்று. ஒன்பது நிமிடத்தில் முடித்துவிட்டாள். நெற்றி வியர்வையைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, சிரித்தாள் என்றே சொல்ல வேண்டும்.

சிரிப்பு பாதியில் உறைந்தது. ஷெட்டுகளுக்குள் வைஃபை சரியாகக் கிடைக்காது. அதனால் டேப்லெட் பக்கத்தை ஒருமுறை வாங்கி உள்ளேயே வைத்துக்கொள்ளும்படி செய்திருந்தாள். அணைத்துத் திறந்தால்தான் புதியதை வாங்கும். அதுவும் அவளுடைய ஏற்பாடுதான், அதற்கும் எல்லோரும் பாராட்டினார்கள்.

மூன்றாவது ஷெட்டின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஷிஃப்ட் மாறும் நேரம், போகிறவனுக்கு பஸ் கவலை, வருகிறவனுக்குக் கையெழுத்துக் கவலை, யார் எடுப்பார்கள்? தானியேல் சார் அதற்குள் கேன்டீனை விட்டுக் கிளம்பியிருப்பார், அவர் மொபைலுக்கு அடித்தாள். அது ஷெட்டுகளுக்குப் போகும் வழியில் லாக்கரில் பூட்டிக் கிடந்திருக்கும். ஷெட்டுகளுக்குள் போகிறவர் யாரும் மொபைல் கொண்டுபோகக் கூடாது, தீப்பொறி பயம்.

எழுந்து ஓடினாள்.

ஓடும்போது அன்புசெல்வனின் முகம் நினைவுக்கு வந்தது. மூன்றாவது ஷெட்டின் ரெண்டாவது ஷிஃப்ட் ஆபரேட்டர் அவர்தான். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரர். ஏரியில் மீன் குறைந்து, காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் கொஞ்ச நாள் மூட்டை தூக்கி, பிறகு கான்ட்ராக்ட் ஆளாக இங்கே வந்தவர். உலர்த்தும் ஷெட்டில் இருந்தவரை இந்தத் திங்கட்கிழமைதான் மூன்றாவதுக்கு மாற்றினார்கள். நேற்றைய பயிற்சியில் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தவர் அவர்.

"மேடம், இதுல இன்னா போட்டுகீதோ அத்தத்தான் செய்வேன்," என்று அவளிடம் சொல்லியிருந்தார். "போன வருசம் சொந்தமா யோசிச்சுக்கினு ஒரு வால்வ மூடினேன், மெமோ குட்த்துட்டாங்க. இனிமே யோசிக்கற வேலையே கெடயாது."

அப்போது எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஷெட்டுகளுக்குப் போகும் உள்கேட்டில் காவலுக்கு இருந்தவள் செண்பகம். ஐம்பது வயதிருக்கும், விதி என்றால் விதி, கம்பெனி முதலாளியே வந்தாலும் ஷூ பார்க்காமல் விடமாட்டாள்.

"இன்னாம்மா இப்டி ஓடியார? ஷூ எங்க, ஹெல்மெட் எங்க?"

"அக்கா, அவசரம். ஒரு டேப்லெட்ட ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும். ரெண்டு நிமிஷம்."

"ரெண்டு நிமிஷமோ அர நிமிஷமோ, செருப்போட உள்ள வுட மாட்டேன். அங்க ஷூ கீது பாரு, உன் சைஸு தேடி மாட்டிக்க. மொபைல இதுல போடு. நோட்டுல பேரு எழுது."

ஷூ தேடினாள். எல்லாம் ஆண்கள் அளவு. ஒன்றை மாட்டினாள், கயிறு கட்ட வரவில்லை. நோட்டில் பெயர், வந்த நேரம், காரணம் என்று மூன்று கட்டங்கள். நேரத்தில் ஒன்று ஐம்பத்தெட்டு என்று எழுதினாள். காரணத்தில் என்ன எழுதுவது? 'டேப்லெட் சோதனை' என்று எழுதினாள். இங்கும் மறைத்தாள் என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

"ஹெல்மெட்ட டைட் பண்ணு. ஆடுது பாரு."

சங்கு ஊதியது. இரண்டு மணி.

சங்கு அடங்கியதும் ஹேமாவதி பேனாவைப் போட்டாள். "அக்கா, மூணாவது ஷெட்ல தண்ணி வுடக் கூடாது," என்று கத்தினாள். "டேப்லெட்ல தப்பா வந்துருக்கு. ரியாக்டர்ல தண்ணி வுட்டா விஷப்புகை வரும். செத்துருவாரு அக்கா."

செண்பகம் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியை உருவினாள். "மூணாவது ஷெட்டு, மூணாவது ஷெட்டு, தண்ணிய தொறக்காத, தண்ணிய தொறக்காத, எல்லாரும் வெளிய வா," என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே ஹேமாவதியைப் பார்த்தாள். "இத்த மொதல்லயே சொல்ல மாட்டியா நீ?"

மூன்றாவது ஷெட்டின் கூரையோரத்தில் வெள்ளையாகப் புகை கிளம்பியது. அடுப்புப் புகை மாதிரி மேலே போகாமல், சுவரோடு வழிந்து கீழே இறங்கியது. யாரோ இருமினார்கள். அபாயச் சங்கு அலறியது. ஆட்கள் முகமூடியோடு ஓடினார்கள். ஹேமாவதி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குலதெய்வம், பெரியபாளையத்து பவானி என்று வாயில் வந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். அந்த ஆள் வெளியே வந்துவிட வேண்டும், அதற்கப்புறம் எனக்கு என்ன வேண்டுமானாலும் ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

நான்கு நிமிடம் கழித்து இரண்டு பேர் அன்புசெல்வனைத் தோளில் தாங்கி இழுத்துவந்தார்கள். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்து, எச்சில் ஒழுக, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். ஆனால் மூச்சு இருந்தது. வால்வைக் கால்வாசிதான் திறந்திருக்கிறார். அதற்குள் ஷிஃப்ட் மேஸ்திரியின் வாக்கி டாக்கியில் செண்பகத்தின் குரல் கேட்டு, மேஸ்திரி போட்ட கூச்சலில் மூடிவிட்டார். முழுசாகத் திறந்திருந்தால் என்று யாரோ ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்கள்.

இரண்டே முக்காலுக்கு, முதலுதவி அறைக்கு வெளியே நின்றிருந்தவளுக்கு, கேட்டில் திரும்ப வாங்கியிருந்த மொபைல் அடித்தது. அவளுடைய முதலாளி பரத், திருவள்ளூரிலிருந்து. சரிசெய்த விவரத்தை அவள் அறையிலிருந்தே அனுப்பியிருந்தாள், மற்றதை வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஹேமா, ஆளுக்கு ஒண்ணும் இல்லயே?"

"ஆக்சிஜன் வச்சிருக்காங்க. பொழச்சுக்குவார்னு டாக்டர் சொல்றாரு."

"அப்பாடா. சரி, கவனமா கேளு. இப்ப பேஜ்ல கோடு வருது இல்ல?"

"வருது."

"அவ்ளோதான். அது எப்பயுமே வந்துச்சு. நீ வாயத் தொறக்காத. தொறந்தா நாளைக்கு நாம நாலு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

அவள் இணைப்பைத் துண்டித்தாள். உள்ளே தானியேல் சாரின் குரல் உயர்ந்தது. போனாள்.

கட்டிலில் அன்புசெல்வன் ஆக்சிஜன் முகமூடியோடு சாய்ந்திருந்தார். அவர் முன்னால் தானியேல் சார், சுவரிலிருந்து கழற்றி எடுத்துவந்த டேப்லெட்டோடு நின்றார். மூலையில் காலையில் வைத்த குங்குமம் ஈரத்தில் கரைந்து வழிந்திருந்தது. கழற்றியதில் அணைந்துபோனதை இங்கே கொண்டுவந்து திறந்திருக்கிறார். அது புதிய பக்கத்தை வாங்கிக்கொண்டுவிட்டது.

"நீயே பாருய்யா. ஆறாவது வரி. இவ்ளோ பெருசா அடிச்சுகீது. அடிச்ச வரிய எவனாச்சும் செய்வானா?"

அன்புசெல்வன் முகமூடியை விலக்கினார். குரல் கரகரத்தது. "அப்ப கோடு இல்ல சார்."

"கோடு இல்லயா? அப்ப இது இன்னா? நான் போட்ட கோடு, என் கையால போட்டது. பாக்காம செஞ்சுட்டு இப்ப இல்லன்றியா? எட்டு பேரு உசுருய்யா அந்த ஷெட்ல." தானியேல் சாருக்குக் கோபத்தில் கண் கலங்கியது. அவர் கெட்டவர் இல்லை. அவர் கோடு போட்டது சத்தியம். "மேல ரிப்போர்ட் போயாச்சு. கேட் பாஸ்ஸ வாங்கி வச்சுக்கச் சொல்லிட்டாங்க. இந்த சிப்காட்ல வேற எந்த கம்பெனியிலயும் இனிமே உன்ன சேக்க மாட்டானுங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அன்புசெல்வன் டேப்லெட்டை வாங்கினார். எரியும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நேற்றுப் போலவே ஆறாவது வரியில் விரலை வைத்து மெதுவாக இழுத்தார். விரல் கோட்டின் மேலேயே போனது. மறுபடி ஒருமுறை இழுத்தார்.

"இருந்துச்சோ," என்றார் தனக்குள். "நான்தான் சரியா பாக்கலயோ இன்னாவோ சார்."

ஹேமாவதிக்கு அதுதான் தாங்கவில்லை. சரியாகப் பார்த்த மனுஷனைத் தன் கண்ணையே நம்ப முடியாதபடி செய்துவிட்டோமே என்று உடம்பு கூசியது.

"அவர் படிச்சப்ப கோடு இல்ல சார்," என்றாள்.

இருவரும் திரும்பினார்கள்.

"உங்க கோடு எதுவும் என் பக்கத்துல வரல. வெளிக்கோப்ப உள்ள எடுக்கும்போது என் சாஃப்ட்வேர் அத உருவிப் போட்டுருச்சு. உருவறேன்னு எனக்குச் சொல்லவும் சொல்லுச்சு, நான் விட்டுட்டேன். இப்ப நீங்க பாக்கறது நான் அப்புறமா சரி பண்ணது. அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல. எங்க வேணாலும் எழுதிக் குடுக்கறேன்."

தானியேல் சார் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "எப்பம்மா தெரிஞ்சுச்சு ஒனக்கு?"

பொய்க்கு இன்னமும் இடம் இருந்தது. செண்பகத்தின் நோட்டில் ஒன்று ஐம்பத்தெட்டு என்று அவள் கையெழுத்திலேயே இருக்கிறது. அப்போதுதான் தெரிந்தது, உடனே ஓடிவந்தேன் என்று சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். ஓடிவந்து காப்பாற்றியவள் என்றுகூடப் பெயர் வரும்.

"நீங்க காகிதத்தக் காட்டினப்பவே தெரியும் சார். ஒன்னு நாப்பத்திரண்டுக்கு. யாருக்கும் தெரியாம சரி பண்ணிரலாம்னு போயிட்டேன்."

அன்புசெல்வன் டேப்லெட்டைப் போர்வைமேல் வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. எதையோ கணக்குப் பார்ப்பவர்போல் விரல்களை மடக்கினார்.

"ஒன்னு நாப்பத்திரண்டா," என்றார். "அப்ப நான் கேட்டுக்கு வெளிய டீ குட்ச்சிகினு இருந்தேன் மேடம்."